பாலைவன விளிம்பில் ஒரு கழிமுகம்

மேற்கு ஆப்பிரிக்காவின் கினி மேட்டுநிலத்தில், அட்லாண்டிக் கடலிலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவிலேயே பிறக்கும் நைஜர் ஆறு, அக்கடலை நாடாமல் வடகிழக்கே சகாரா பாலைவனத்தின் விளிம்புவரை சென்று, பின்னர் தென்கிழக்கே திரும்பி, ஏறத்தாழ 4,180 கிலோமீட்டர் ஓடிய பிறகே நைஜீரியாவில் கினி வளைகுடாவில் கலக்கிறது. இந்நெடும்பாதையில், மாலி நாட்டுச் சமவெளியில் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து, ஏரிகளும் சதுப்புகளுமாக விரியும் பரப்பு 'உள்நாட்டுக் கழிமுகம்' எனப்படுகிறது. கழிமுகங்கள் பொதுவாகக் கடலோரத்தில் அமைய, இதுவோ வறண்ட நிலத்தின் நடுவே அமைந்துள்ளது.

இந்த நிலத்தைவிட, அதைப் பகிர்ந்துகொள்ளும் மக்களின் ஏற்பாடே பெரிதும் போற்றத்தக்கது. போசோ இனத்தார் மீன்பிடிக்க, பம்பாரா முதலிய உழவர்கள் வெள்ளநீரில் நெல் விளைவிக்க, மழைக்காலத்தில் தொலைவிலுள்ள புல்வெளிகளுக்குச் சென்றிருந்த ஃபுலானி இடையர்கள், நீர் வடிந்ததும் மந்தைகளுடன் திரும்பி, வெள்ளத்தில் செழித்த 'புர்கு' என்னும் நீர்ப்புல்லில் அவற்றை மேய்க்கின்றனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாசினா அரசை நிறுவிய செக்கு அமாது, மேய்ச்சல் நிலங்களுக்குள் மந்தைகள் நுழையும் வழிகளையும் வரிசையையும் விதிகளாக வகுத்தார். பல சமூகத்தார் ஒரே மண்ணை நம்பி வாழ அவ்விதிகள் பெருந்துணையாயின என்பதில் ஐயமில்லை. மாடுகள் ஆற்றைக் கடக்கும் காலத்தில், தியாஃபராபே உள்ளிட்ட ஊர்களில் நடைபெறும் யாரால், தெகால் என்னும் விழாக்கள், 2008இல் யுனெஸ்கோவின் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றன.

1970களிலும் 80களிலும் நேர்ந்த கடும் வறட்சிகளும், 2012 முதல் மாலியில் நீடிக்கும் ஆயுத மோதல்களும் மீனவர், உழவர், இடையர் ஆகிய மூவரின் வாழ்வையும் ஒருங்கே நெருக்கடிக்கு உள்ளாக்கியுள்ளன.