கூற்றும் கணக்கும்



நமக்குக் கணக்கு வராது என்று பிறர் கூறக் கேட்டே நாம் வளர்ந்தோம். இங்கு ஓர் எண்ணின் வரலாற்றைக் கூற விரும்புகிறோம்.

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண் பகா எண். 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 147573952589676412927 என்னும் 21 இலக்க எண் கிடைக்கும். இது பகா எண்ணென 1644-இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் எழுதினார். அன்றென 1876-இல் லூக்காஸ் நிறுவினார். ஆயினும் காரணிகள் அகப்படவில்லை. 1903-இல் அமெரிக்கப் பேராசிரியர் கோல் அவற்றைக் கண்டறிந்தார்: 193707721, 761838257287. இவ்விரண்டையும் பெருக்கினால் அவ்வெண்ணே வரும்.

பேரறிஞர் கூற்றாயினும் பெருக்கலின் முன் நிற்கவில்லை. நம்மைப் பற்றிய கூற்றும் எவரும் சரிபார்க்காததே. இளைஞர்களே, எழுதுகோலை எடுங்கள், பெருக்கிப் பாருங்கள்!