புற்றுநோய் இல்லை என்று சொன்ன பிறகு



மார்பகப் புற்றுநோய்க்கு மாநாடுகள் பல நடக்கின்றன. புற்றுநோய் அல்லாத மார்பகக் கட்டிக்கென ஒரு நாளை முழுமையாக ஒதுக்கிய அமைப்பாளர்களுக்கு என் நன்றி. மார்பில் கட்டி என்று நம்மிடம் வரும் பெண்களில் பெரும்பாலோருக்கு இருப்பது இதுதான். "ஒண்ணுமில்லம்மா, சாதாக் கட்டிதான்" என்று அனுப்பிவிடுகிறோம். அந்த ஆறுதல் அவருக்கு வேண்டியதே. ஆனால் அது எந்த வகைக் கட்டி என்று சொல்லாமல் அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிற்கால ஆபத்து அந்த வகையைப் பொறுத்தே மாறுகிறது. டுபாண்ட், பேஜ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய திசுச் சோதனைகளை மறுபடி ஆராய்ந்து, 1985இல் முடிவை வெளியிட்டார்கள். பத்தில் ஏழு பெண்களுக்குச் செல் பெருக்கமே இல்லை; பிற்காலப் புற்றுநோய் ஆபத்தும் கூடவில்லை. பெருக்கம் மட்டும் இருந்தால் ஏறத்தாழ இரு மடங்கு. பெருகிய செல்கள் இயல்பு பிறழ்ந்தும் இருந்தால் சுமார் ஐந்து மடங்கு. அதோடு தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் பதினொரு மடங்கு. மேயோ மருத்துவமனையினர் 9,087 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியிட்ட ஆய்வும், செல் பிறழ்வு உள்ளவர்களின் ஆபத்து நான்கு மடங்குக்கு மேல் என்றது. கட்டி இருந்த மார்பில் மட்டுமல்ல, மறு மார்பிலும் அந்த ஆபத்து உண்டு.

இதை அறிந்தும் நாம் இரண்டு பக்கமும் தவறுகிறோம். இருபது வயதுப் பெண்ணுக்குச் சாதாரண ஃபைப்ரோஅடினோமா. ஊசித் திசுச் சோதனை அதை உறுதி செய்துவிட்டது, குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லை. வரன் பார்க்கும் நேரம் என்று வீட்டார் பதறுகிறார்கள்; நாமும் சேர்ந்து பதறி, தேவையற்ற தழும்பையும் ஓயாத ஸ்கேன்களையும் தருகிறோம். கட்டி வளரவில்லை என்று ஓரிரு முறை பார்த்துக்கொண்டால் அவருக்குப் போதும். வேகமாக வளர்ந்தால் மட்டும் உடனே வரவேண்டும். ஃபிலாய்ட்ஸ் கட்டி முதலில் இதைப் போலவே தோன்றும், எடுத்த இடத்திலேயே திரும்பவும் வரக்கூடும்.

நாற்பத்தைந்து வயதில், செல் பிறழ்வு என்று அறிக்கை வந்த அம்மாவையோ தேதி குறிக்காமல் அனுப்பிவிடுகிறோம். ஊசி எடுத்தது ஒரு துணுக்கைத்தான். பெரும்பாலும் அந்த இடத்தை அகற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். அதன்பின் ஆண்டுதோறும் மாமோகிராம், மருத்துவரின் நேர்ப் பரிசோதனை. டாமோக்சிஃபென் மருந்து பற்றியும் அவரிடம் பேசியாக வேண்டும். 1998இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், இப்படிப்பட்ட பெண்களிடம் அது புற்றுநோயை 86 விழுக்காடு குறைத்தது. இரத்த உறைவு, கருப்பைப் புற்றுநோய் ஆகிய பக்கவிளைவுகளையும் மறைக்காமல் சொல்லுங்கள், முடிவு அவருடையது.

கட்டியின் வகை, செல் பிறழ்வு உண்டா இல்லையா, குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் நோய், அடுத்து வரவேண்டிய நாள் ஆகியவற்றைத் தமிழில் எழுதிய ஒற்றைத்தாள் அட்டை ஒவ்வொரு பெண்ணின் கையிலும் இருக்கவேண்டும். அதன் வாசகத்தை மாலை அமர்வுக்குள் முடித்துத் தாருங்கள் என்று உங்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.