சுமை தாங்கும் வில்

கல்முனையிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் விடியற் பொழுதில் நின்று நோக்குவோர் ஒரு காட்சியைக் காணத் தவறார். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் ஊர்களினூடே கெப் வாகனங்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றில் நெல் மூடைகள். ஒன்றில் பனிக்கட்டியிட்ட மீன் பெட்டிகள். மற்றொன்றில் மருதமுனைக் கைத்தறிப் புடவைப் பொதிகள். இன்னொன்றில் வட்டைக்குச் செல்லும் ஆட்களும் மண்வெட்டிகளும் உரப் பைகளும். முன்னே மனிதர் அமரவும் பின்னே பொருள் ஏற்றவும் அமைந்த இவ்வாகனம், இக்கரையோர மக்களின் வாழ்வில் முந்நாளில் மாட்டு வண்டி பெற்றிருந்த இடத்தைப் பெற்றுவிட்டது எனலாம்.

அவ்வாகனங்களுட் சில, பின்புறம் தாழ்ந்து முன்புறம் நிமிர்ந்து, வானத்தை நோக்கி விளக்கைக் காட்டிக்கொண்டு செல்வதையும் காணலாம். பாரம் மிகுந்துவிட்டது அல்லது ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். 2020 ஆம் ஆண்டில் இலங்கையில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 ஆம் ஆண்டிலேயே. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனத்தையே பேணி ஓட்ட வேண்டியவராயினர் பலர். ஆகவே, தளர்ந்துபோன ஸ்பிரிங்கை மாற்றி அதனினும் வலியதொன்றைப் பூட்டுவது எங்ஙனம் என்ற வினா, வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு வினாவாக இன்றி, உழைத்துண்போரின் பிழைப்பு வினாவாகவே இங்கு எழுகின்றது.

கல்முனைப் பகுதிக் கராஜ் ஒன்றில் நாள்தோறும் கேட்கக்கூடிய உரையாடல் இது:

"காக்கா, பாரம் ஏத்தினா வண்டி பின்னால இருந்து போகுது. இன்னும் ரெண்டு பட்டை போட்டுத் தாங்க."

"தம்பி, என்ன பாரம் ஏத்துறீங்க, கிழமையில எத்தின நாள் ஏத்துறீங்க எண்டு முதல்ல சொல்லுங்க. பட்டையப் பத்திப் பிறகு கதைப்பம்."

அந்த முதியவரின் விடையிலேயே இக்கலையின் முதற் பாடம் அடங்கியிருக்கின்றது. ஸ்பிரிங்கைத் தெரிவதற்கு முன்னர்ச் சுமையைத் தெரிதல் வேண்டும்.

மாட்டு வண்டிக்கு வில் இல்லை. அச்சின் அதிர்ச்சி முழுவதும் வண்டியிலிருப்போர் முதுகில் ஏறும். இங்கிலாந்தில் ஒபதியா எலியட் என்பவர் 1804 ஆம் ஆண்டில் வளைந்த உருக்குப் பட்டைகளை அடுக்கிச் செய்த வில்லுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். குதிரை வண்டிக்கென அமைந்த அவ்வில்லின் வழித்தோன்றலே, 1968 ஆம் ஆண்டில் யப்பானில் முதன்முதல் வெளிவந்த டொயோட்டா ஹைலக்ஸ் முதலாக இன்றைய கெப் வாகனங்களுட் பெரும்பாலானவற்றின் பின் அச்சைத் தாங்கி நிற்பது. எளிமையானது, வலியது, அச்சைத் தாங்குவதோடு அதனை இடம் பெயராது பிடித்துக்கொள்வதும் அதுவே.

பட்டைகளைப் பற்றிய கணக்கு ஒன்றை வாகன உரிமையாளர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று. ஒரே அளவான நான்கு பட்டைகள் உள்ள அடுக்கில் அதே போன்ற ஐந்தாவது பட்டையைச் சேர்த்தால் அதன் விறைப்பு காற்பங்கு கூடும். ஆனால் பட்டையின் தடிப்பைக் கூட்டினால் விளைவு வேறு. விறைப்பானது தடிப்பை மும்முறை தன்னோடு பெருக்கிவரும் எண்ணைப் பொறுத்தது. 7 மில்லிமீற்றரை அவ்வாறு பெருக்கினால் 343. 8 மில்லிமீற்றரைப் பெருக்கினால் 512. அதாவது கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஒரு மில்லிமீற்றர், வில்லை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறைப்பாக்கிவிடுகின்றது. "சற்றுத் தடித்த பட்டைதானே" என்று லொறியிலிருந்து கழற்றியதொன்றை வெட்டிச் சொருகுவோர் இக்கணக்கை எண்ணுவதில்லை.

விறைப்பு மிகுந்தால் என்ன தீங்கு என்று வினவலாம். பாரம் ஏற்றிய நாளில் தீங்கில்லை. பாரம் இறக்கித் திரும்பும் வேளையில்தான் தீங்கு. வெறுமையான பின்புறம் மேட்டிலும் பள்ளத்திலும் துள்ளும். துள்ளுங்கால் டயர் நிலத்தை விட்டு நீங்கும். நிலத்தைத் தொடாத டயர் பிரேக்குக்கும் பணியாது, திருப்புதலுக்கும் பணியாது. மாரி மழையில் நனைந்த வளைவொன்றில் இது நிகழ்ந்தால் வாகனத்தின் பின்புறம் வழுக்கிச் சுழலும். ஆதலால் ஆண்டில் ஒருமுறை அறுவடைக் காலத்தில் ஏற்றும் உச்சப் பாரத்துக்கென ஸ்பிரிங்கைத் தெரிதல் தவறு. ஆண்டின் பெரும்பாலான நாட்களில் ஏற்றும் பாரத்துக்கெனத் தெரிவதே முறை. மிகுதிப் பாரத்துக்கு இரண்டாவது நடை ஓடுவது, ஸ்பிரிங்கைக் கொண்டு சாதிக்க முனைவதிலும் மலிவானது.

அப்பாரத்தை அறிவது எங்ஙனம்? இக்கரையோரத்தில் அரிசி ஆலைகளுக்குக் குறைவில்லை. லொறியை அப்படியே ஏற்றி நிறுக்கும் தராசு அமைந்த ஆலைக்கு வாகனத்தை வழக்கமான பாரத்துடன் கொண்டு சென்று, முதலில் முன் சில்லுகளை மட்டும், பின்னர் முழு வாகனத்தையும் நிறுத்தல் வேண்டும். வெறும் வாகனத்தையும் அவ்வாறே நிறுத்தால் பின் அச்சு எவ்வளவு மேலதிகமாகச் சுமக்கின்றது என்பது தெளிவாகும். அத்துடன் சில்லின் நடுப்புள்ளியிலிருந்து மட்காட்டின் விளிம்பு வரையுள்ள உயரத்தைப் பாரமின்றியும் பாரத்துடனும் அளந்து குறித்துக்கொள்ளல் வேண்டும். இவ்விரு குறிப்புகளும் கையில் இருந்தால் விற்பனையாளரின் புகழுரை தேவைப்படாது.

மனிதரின் நிறையையும் மறத்தலாகாது. ஒரு தொன் வகுப்பைச் சேர்ந்த இரட்டைக் கெப் ஒன்றில் ஒரு மூடை 65 கிலோ வீதம் 15 மூடை ஏற்றினால் அதுவே 975 கிலோ. உள்ளே ஐவர் அமர்ந்தால், ஆளுக்கு 70 கிலோ என்று கொண்டாலும், மேலும் 350 கிலோ. ஒரு தொன் என்பது இவை யாவும் உள்ளடங்கியது என்பதைப் பலர் உணர்வதில்லை. புதிய ஸ்பிரிங் பூட்டியதால் அனுமதிக்கப்பட்ட நிறை கூடிவிடுவதும் இல்லை. செசி, அச்சு, சில்லுப் போல்பேரிங்குகள், பிரேக் யாவும் பழைய அளவினவே. ஸ்பிரிங் தாழாமையால் பாரம் இல்லை என்று எண்ணுவது, வலி தெரியாமையால் நோய் இல்லை என்று எண்ணுவதை ஒக்கும்.

இனி, ஸ்பிரிங்கோடு இணைபிரியாத ஷொக் அப்சோபரைப் பற்றிச் சொல்லல் வேண்டும். ஸ்பிரிங் சுமையைத் தாங்கும். தாங்கியதை மீண்டும் வீசும். அவ்வீச்சை அடக்குவது ஷொக் அப்சோபர். உள்ளிருக்கும் எண்ணெய் சிறு துளைகளினூடே நெருக்கப்பட, துள்ளலின் விசை வெப்பமாக மாறுகின்றது. வலிய ஸ்பிரிங்கைப் பூட்டிப் பழைய ஷொக் அப்சோபரை விட்டுவைப்பது, முரட்டுக் காளையை வாங்கி நைந்த கயிற்றாற் கட்டுவது போன்றதாகும். வட்டை வழிகளின் கிரவல் அலைகளில் நெடுநேரம் ஓடும்போது எண்ணெய் சூடேறி நுரைத்து வலுவிழக்கும். இதனைக் குறைக்கவே நைதரசன் வாயு அடைத்த வகை தோன்றிற்று. ஒற்றைக் குழாயில் எண்ணெயையும் வாயுவையும் பிரித்து வைக்கும் முறையை 1950களில் பிரெஞ்சுப் பொறியியலாளர் டி கார்பன் வகுத்தளித்தார். இது வெப்பத்தை விரைவில் வெளிவிடும். ஆனால் கல் தெறித்து வெளிக்குழாய் நசுங்கினால் செயலிழக்கும். இரட்டைக் குழாய் வகை விலை குறைந்தது, கல்லடியைத் தாங்குவது. பெரும்பாலும் தார் வீதியிலும் இடையிடையே கிரவல் வழியிலும் ஓடும் இப்பகுதி வாகனங்களுக்கு, வாயு அடைத்த இரட்டைக் குழாய் வகை போதியது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் விற்கும் பழைய பாகங்களுட் பல நல்லவையாக இருக்கலாம். ஷொக் அப்சோபரை மட்டும் பழையதாக வாங்குதல் உகந்ததன்று. உள்ளிருக்கும் றப்பர் அடைப்பு இறுகிப்போயிருப்பதைக் கண்ணாற் கண்டறிய இயலாது.

காற்றுப் பைகளையும் சிலர் நாடுவர். செசிக்கும் அச்சுக்கும் இடையே பொருத்தி, பாரத்துக்கேற்பக் காற்றடைக்கும் இவை, பாரமின்றி ஓடுங்கால் மென்மையும் பாரத்தில் உயரமும் தருவன. ஆயினும் ஸ்பிரிங் தன் சுமையைச் செசியின் இரு முனைகளிற் பகிர்ந்து ஏற்றுகின்றது. காற்றுப் பையோ நடுவே ஓரிடத்தில் அழுத்துகின்றது. பாரம் பின்புறம் நீண்டு தொங்க, பள்ளத்தில் வாகனம் விழுந்தால், செசி அவ்விடத்தே வளையக்கூடும். அவுஸ்திரேலியாவின் நெடும் பாதைகளில் இவ்வாறு வளைந்த வாகனங்கள் பல. சிறு பாரத்துக்கு உதவியாகக் கொள்ளலாமேயன்றி, தளர்ந்த ஸ்பிரிங்குக்கு மாற்றாகக் கொள்ளலாகாது.

முன்புறத்தைப் பற்றியும் ஒரு சொல். பழைய நாற்சில்லுச் செலுத்து வாகனங்கள் பலவற்றில் முன்னே சுருள் வில்லுக்குப் பதிலாக முறுக்குத் தண்டு உண்டு. அதன் ஆணியை இறுக்கினால் வாகனம் உயரும்; வில் வலிமை பெற்றுவிட்டதாக உரிமையாளர் மகிழ்வார். உண்மையில் தண்டின் வலிமை மாறுவதில்லை. சில்லு கீழ்நோக்கி இறங்கும் இடமே குறைகின்றது. உயர்வுக்காக உயர்த்துவோர் 50 மில்லிமீற்றருக்கு மேற் செல்லாதிருத்தல் நன்று. மிகுந்தால் முன் அச்சின் மூட்டுகள் சாய்ந்து தேயும்; வாகனத்தின் பாரமையம் மேலேறிக் கவிழும் இயல்பு கூடும். எவ்வளவு உயர்த்தினும் சில்லுகளின் நேர்மையை மீண்டும் சரிபார்த்தல் இன்றியமையாதது.

எல்லாவற்றினும் முதன்மையானது பிரேக்கைப் பற்றியது. பல கெப் வாகனங்களில் பின் அச்சுக்கும் செசிக்கும் இடையே சிறு கம்பி ஒன்று, ஒரு வால்வோடு இணைந்து கிடக்கும். பாரம் ஏறிப் பின்புறம் தாழ்ந்தால் அக்கம்பி அசைந்து, பின் சில்லுகளின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வெறுமையாய் உயர்ந்து நின்றால் குறைக்கும். வலிய ஸ்பிரிங்கைப் பூட்டி உயர்த்தியபின், பாரம் ஏற்றினாலும் வாகனம் தாழ்வதில்லை. வால்வோ வாகனம் வெறுமையாக இருப்பதாகவே கொள்ளும். ஒரு தொன் பாரம் பின்னே இருக்க, பின் பிரேக் அரைத் தூக்கத்தில் இருக்கும். அம்பாறை, மகாஓயா வழியாகக் கண்டிக்குச் செல்வோர் மஹியங்கனைக்கு அப்பால் பதினெட்டு வளைவு எனப் பெயர்பெற்ற மலைப்பாதையை ஏறல் வேண்டும். திரும்புங்கால் அவ்வழியே இறங்கல் வேண்டும். கண்டிச் சந்தையிலிருந்து மரக்கறி ஏற்றி இருளில் இறங்கும் ஒருவனுக்கு, முன் பிரேக் மட்டுமே சூடேறி மங்கத் தொடங்கும் அவ்வேளையில், கராஜில் எவரும் தொடாது விட்ட அக்கம்பியே உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட பொருளாகின்றது. ஸ்பிரிங் மாற்றுவோர் அக்கம்பியையும் புதிய உயரத்துக்கேற்பத் திருத்தித் தருமாறு கேட்டுப் பெறல் வேண்டும்.

கரையோரத்துக்கே உரிய பகை ஒன்றும் உண்டு. அது உப்பு. கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. மீன் பெட்டியிலிருந்து உருகி வழியும் நீரும் உப்பு நீரே. அது வாகனத்தின் தளத்தினூடே இறங்கிப் பின் ஸ்பிரிங்கின் மீதே சொட்டும். பட்டைகளின் இடுக்கிற் புகுந்த உப்பு உருக்கைப் புள்ளி புள்ளியாகத் தின்னும். வளைந்து நிமிரும் உருக்கில் ஒவ்வொரு புள்ளியும் வெடிப்பின் வித்து. கரைவலைத் துறைகளுக்குச் செல்லும் வாகனத்தின் அடிப்புறத்தை அன்றன்றே நன்னீரால் கழுவுவது, விலையுயர்ந்த ஸ்பிரிங் வாங்குவதிலும் பயன் மிக்கது. புதிய பட்டை அடுக்கைப் பூட்டுங்கால் அதனை அச்சோடு பிணைக்கும் யூ வடிவ ஆணிகளையும் புதிதாக வாங்கல் வேண்டும். ஒருமுறை இழுபட்டு நீண்ட ஆணி மறுமுறை இறுகப் பிடியாது. 500 கிலோமீற்றர் ஓடியபின் அவற்றை மீண்டும் இறுக்கல் வேண்டும். பழைய பட்டையை உலையிற் காய்ச்சி வளைத்துத் தருவோரும் உளர். சூட்டுப் பதம் இழந்த உருக்கு சில மாதங்களிலேயே மீண்டும் தட்டையாகும் அல்லது முறியும்.

செலவிடும் ஒழுங்கும் ஒன்று உண்டு. முதலில் டயர்க் காற்றும் றப்பர்ப் புஷ்களும், அடுத்து ஷொக் அப்சோபர், இறுதியிலேயே ஸ்பிரிங். வாகனம் ஆடுகின்றது என்று வருவோருட் பலருக்கு முதலிரண்டோடு குறை தீர்ந்துவிடும். மாற்றம் பெரிதாயின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் முன்னரே விசாரித்துக்கொள்வது பின்வரும் வழக்கைத் தவிர்க்கும்.

1949 ஆம் ஆண்டிலே தொடங்கிய கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்று நீரை இவ்வயல்களுக்கு அளவறிந்து பாய்ச்ச முயன்றது. வாய்க்காலின் கொள்ளளவுக்கு மேல் நீரைத் திறந்தால் வரம்பு உடையும் என்பதை வட்டை விதானையார் எவருக்கும் எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வாகனத்துக்கும் அவ்வளவே நியதி. நெல் விளைவித்த உழைப்பும், கடலில் இரவைக் கழித்தோர் கொணர்ந்த மீனும், வீட்டிலே வாப்பாவின் வரவை எதிர்நோக்கியிருக்கும் சிறுவரின் நம்பிக்கையும் அப்பட்டைகளின் மேலேயே செல்கின்றன. எதிரே சைக்கிளில் வரும் அயலாரின் உயிரும் அவற்றைச் சார்ந்ததே. சுமையை நிறுத்து, ஸ்பிரிங்கை அளந்து, பிரேக்கை ஒத்துப் பார்த்துப் புறப்படுபவன் தன் வீட்டுக்கும் வீதிக்கும் நன்மை செய்தவனாகின்றான்.