வீட்டு மரமும் மின்கிடாரும்

(திருவனந்தபுரத்தில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



வளர்ச்சித் திட்டங்களைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டவன் மின்கிடாரைப் பற்றிப் பேச முற்படுவது உங்களுக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், நம் கொல்லையில் நிற்கும் மரம் விறகாகிறதா, கதவாகிறதா, நுண்ணிய கருவியாகிறதா என்பது பொருளாதாரக் கேள்வியே. அதற்கு விடை காண மின்கிடார் நல்லதோர் எடுத்துக்காட்டு.

மரமும் இசையும் நமக்குப் புதியவை அல்ல. தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் உருவாகிறது. ஒரே மரத்தில் குடைந்து செய்வது ஏகாண்ட வீணை. உறுப்புகளைத் தனித்தனியே செய்து பொருத்துவது ஒட்டு வீணை. 2013-ஆம் ஆண்டில் இக்கருவி புவிசார் குறியீடு பெற்றது. சுவாதித் திருநாள் மன்னரின் நகரமாகிய இத்திருவனந்தபுரத்தில், 1939-இல் தொடங்கிய இசைக் கல்லூரி அவர் பெயராலேயே இயங்கிவருகிறது. அத்தகைய ஊரில் மரத்தின் அருமையை நான் விளக்க வேண்டுவதில்லை.

திடவுடல் என்பதன் பொருள்

வீணையில் குடமே ஒலியைப் பெருக்குகிறது. எனவே அதனைக் குடைவது பெருங்கலை. திடவுடல் மின்கிடாரிலோ குடைவு தேவையில்லை. எஃகுத் தந்தியின் கீழ்க் காந்தமும், அதனைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியில் பல ஆயிரம் சுற்றுகளும் உள்ளன. தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. ஒலிபெருக்கி அதனை ஒலியாக்குகிறது. ஆகவே, மரத்தின் முதற்கடமை ஆறு தந்திகளின் இழுவிசையைத் தாங்கி, வளையாது நிற்பதாகும். அவ்விழுவிசை ஏறத்தாழ 45 கிலோ எடைக்கு ஈடானது.

இதனால் விளைந்த பயனை வரலாறு காட்டுகிறது. அமெரிக்காவில் வானொலி பழுதுபார்த்து வந்த லியோ ஃபெண்டர் 1950-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கிடாரின் உடல், அந்நாட்டிலேயே விளையும் ஆஷ் மரம். கழுத்து மேப்பிள் மரம். கழுத்தைத் திருகாணியால் பொருத்தியதால், செய்வதும் பழுதுபார்ப்பதும் எளிதாயின. இங்கிலாந்தில் 1963-இல் பிரையன் மே என்னும் இளைஞர் தம் தந்தையுடன் வீட்டிலேயே ஒரு கிடார் செய்யத் தொடங்கினார். பழைய கணப்படுப்பின் மகாகனிச் சட்டமே அதன் கழுத்தாயிற்று. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ‘குவீன்’ குழுவில் அவர் வாசித்தது அக்கருவியே. தென்னாட்டில் உ. ஸ்ரீநிவாஸ் திடவுடல் மின் மாண்டலினில் கருநாடக இசையை வாசித்து, 1998-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆக, இவ்வகைக் கருவி அந்தந்த மண்ணின் மரத்தையும் ஏற்கும். அந்தந்த மண்ணின் இசையையும் ஏற்கும்.

நம் கையிலுள்ள மரம்

கேரளத்து வீட்டுத் தோட்டங்களில் பலா, ஆஞ்சிலி, மா, மகாகனி, தேக்கு ஆகியவை வளர்கின்றன. ரப்பர்த் தோட்டங்கள் 5 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்டவை. பால் வற்றிய மரங்கள் 25, 30 ஆண்டுகளில் வெட்டப்பட்டு மறுநடவு நடைபெறுகிறது. ரப்பர் மரத்தைப் பூஞ்சையும் துளைப்பானும் விரைவில் தாக்கும். அறுத்த சில நாட்களுக்குள் போரான் உப்புகளால் பதப்படுத்தினால் நல்ல பலகையாகும். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் பலா, ஆஞ்சிலி உத்திரங்களோ பல பத்தாண்டுகள் உலர்ந்தவை. அவை விலைமதிப்புடைய மூலப்பொருள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். கிடார் உடலுக்கு 45 செ.மீ. நீளமும் 35 செ.மீ. அகலமும் 4.5 செ.மீ. கனமும் உள்ள பலகை போதும். அதன் கொள்ளளவு சுமார் 7,100 கன செ.மீ. எனவே, ஒரு கன மீட்டர் அறுத்த மரத்தில் கணக்குப்படி 140 பலகைகள். சேதம் கழித்தாலும் ஏறத்தாழ 100 பலகைகள் தேறும். ஒரு மரம் ஒரு தச்சனுக்கு எத்தனை நாள் வேலை தரும் என்பதை இதிலிருந்து உணரலாம். கதவாக்கினால் அதே மரம் சில நாட்களில் தீர்ந்துவிடும்.

தடை எங்கே?

மரத்தைவிட அரியவை உலர்த்தலும் அளவும் ஆகும். மரப்பலகையைக் காற்றில் உலர்த்த, ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. இக்கடலோரத்து ஈரக்காற்றில் மரத்தின் ஈரப்பதம் 12 விழுக்காட்டுக்குக் கீழே எளிதில் இறங்குவதில்லை. வெப்பமூட்டிய வெளிநாட்டு அறைகளில் அது 6 முதல் 8 விழுக்காடாகக் குறையும். அங்கே சென்றதும் நம் கருவி சுருங்கி வெடிக்கும். உலர்த்தும் சூளை இல்லாத தச்சன் எவ்வளவு திறமையுடையவனாயினும் இதனை வெல்ல இயலாது.

அடுத்தது அளவு. வீணையில் மெட்டுகளை மெழுகில் பதித்து, காதால் கேட்டுச் சரிசெய்வர். மேளம் கட்டுதல் என்பது அதுவே. கிடாரில் மெட்டுகள் பலகையில் அறுத்த பள்ளத்தில் நிலையாகப் பதிகின்றன. 648 மி.மீ. தந்தி நீளமாயின், அதனை 17.817-ஆல் வகுத்து, முதல் மெட்டை 36.4 மி.மீட்டரில் வைக்க வேண்டும். எஞ்சிய நீளத்தை மீண்டும் வகுத்து அடுத்ததை வைக்க வேண்டும். இங்ஙனம் செல்லின் 12-ஆம் மெட்டு மிகச்சரியாகப் பாதியில், அதாவது 324 மி.மீட்டரில் அமையும். அரை மில்லிமீட்டர் பிழையும் செவிக்குத் தெரியும். கைத்திறனுடன் கணக்கும் கூடினால்தான் கருவி பிறக்கும்.

ஈட்டி மரம் தரும் பாடம்

கிடாரின் விரற்பலகைக்கு உலகெங்கும் விரும்பப்படுவது நம் ஈட்டி, அதாவது தோதகத்தி. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை, 2017 சனவரி 2 முதல் இம்மர இனம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 2019 நவம்பரில், முற்றுப்பெற்ற இசைக்கருவிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. மரமாகவும் பலகையாகவும் அனுப்ப அனுமதி வேண்டும். கருவியாக அனுப்பின் அத்தடை இல்லை. மதிப்பைக் கூட்டி அனுப்புக என்று விதியே நமக்குச் சொல்லுகிறது.

எனினும், இதனை மரம் வெட்டுவதற்கு உரிமைச் சீட்டாகக் கொள்ளலாகாது. 2020-இல் கேரளத்தில் வெளியான அரசாணையைத் தொடர்ந்து, வயநாட்டு முட்டிலில் ஈட்டி மரங்கள் வெட்டப்பட்டது பெரும் சர்ச்சையாயிற்று. 2021 பிப்ரவரியில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. விரற்பலகை ஒன்றுக்கு வேண்டியது சுமார் 200 கன செ.மீ. மரமே. இடித்த வீட்டின் ஈட்டிச் சட்டமே இதற்குப் போதும். நிற்கும் மரம் நிற்கட்டும்.

செய்யத்தக்கவை

மலிவு விலைக் கிடார்களைக் கணினிவழி இயங்கும் எந்திரங்கள் ஆயிரக்கணக்கில் செய்து குவிக்கின்றன. அவற்றோடு விலையில் போட்டியிட நம் பட்டறைகளால் இயலாது. இடம் உள்ளது வாங்குவோர் விருப்பப்படி செய்வதிலும், பழுதுபார்ப்பதிலும்தான். அது சிறிய சந்தையே. ஆனால் கட்டடங்களில் அலுமினியமும் எஃகும் புகுந்தபின் வேலை குறைந்துவரும் ஆசாரிமார்க்குச் சிறிய சந்தையும் பெரிது.

2023 செப்டம்பர் 17-இல் தொடங்கிய பிரதமரின் விசுவகர்மா திட்டத்தில் இடம்பெற்ற 18 தொழில்களுள் தச்சும் ஒன்று. அது கருவிகள் வாங்க 15,000 ரூபாய் உதவியும், இரு தவணைகளில் 3 லட்சம் ரூபாய் வரை 5 விழுக்காடு வட்டியில் கடனும் அளிக்க வகைசெய்கிறது. தனியொருவர் இத்தொகையில் இழைப்புளியும் உளியும் வாங்கலாம். சூளை அமைத்தல் அரிது. எனவே, சில பட்டறைகள் கூட்டுறவு முறையில் பொதுச் சூளை அமைக்க அலுவலர்கள் வழிகாட்ட வேண்டும். மர ஆய்வில் அனுபவமுள்ள பீச்சி வன ஆராய்ச்சி நிறுவனம் 1975 முதல் நம் மாநிலத்திலேயே உள்ளது; அதன் அறிவு பட்டறை வாசலை அடைய வேண்டும். சாக்கையிலுள்ள ஐ.டி.ஐ. போன்ற நிலையங்களில் தச்சு பயிலும் மாணவரும் மின்னணுவியல் பயிலும் மாணவரும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு கருவியேனும் செய்யலாம். ஒருவர் உடலைச் செய்ய, மற்றவர் சுருளைச் சுற்றட்டும்.

மாணவர்களே, ஒரு மரத்தின் மதிப்பை அதன் கன அடி விலையால் மட்டும் கணக்கிடாதீர்கள். அது எத்தனை மனித நாட்களுக்கு வேலை தந்தது, எத்தனை பேரின் திறனை வளர்த்தது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அலுவலர்களே, மரம் வெட்ட அனுமதி கேட்டு வரும் மனுவில், அம்மரம் என்னவாகப் போகிறது என்றும் ஒரு வரி கேளுங்கள்.