எல்லாவற்றையும் விற்று வாங்கிய நிலம்



இன்றுள்ளது போன்ற வங்கியும் பெட்டகமும் இல்லாத அந்தக் காலத்தில் பாலஸ்தீன நாட்டு மக்கள் பொன்னையும் வெள்ளியையும் மண்ணில் புதைத்து வைப்பதுண்டு. புதைத்தவர் போரில் இறந்துபோனால், அந்தச் செல்வம் யாருக்கும் தெரியாமல் நிலத்திலேயே கிடக்கும். 1952-ஆம் ஆண்டு கும்ரான் குகையில் கிடைத்த செப்புச் சுருளில் இத்தகைய புதையல்களின் பட்டியலே இருந்தது.

இந்தப் பழக்கத்தை வைத்து இயேசு கிறிஸ்து சொன்ன உவமை மத்தேயு சுவிசேஷம் 13-ஆம் அதிகாரத்தில் உள்ளது. பிறர் நிலத்தில் ஒருவன் புதையலைக் காண்கிறான். அதை மறைத்துவிட்டு, மகிழ்ச்சியோடு போய்த் தனக்குள்ள அனைத்தையும் விற்று, அந்த நிலத்தையே வாங்குகிறான். பரலோக ராஜ்யம் இதற்கு ஒப்பானது என்கிறார் இயேசு.

இதில் கவனிக்க வேண்டியது அந்த மகிழ்ச்சி. ஊரார் கண்ணுக்கு அவன் இருந்ததையெல்லாம் இழந்தவன். அவனுக்கோ அது இழப்பாகவே தோன்றவில்லை. முதலில் அவன் புதையலைப் பார்த்தான். விற்றது அதற்குப் பிறகுதான்.

அதே சுவிசேஷத்தின் 19-ஆம் அதிகாரத்தில் செல்வந்தனான ஓர் இளைஞன் வருகிறான். கற்பனைகளைக் கைக்கொண்டவன். உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வரும்படி இயேசு சொன்னதும் துக்கத்தோடு திரும்பிப் போனான். இருவருக்கும் விலை ஒன்றுதான். ஆனால் இளைஞனுக்குத் தன் சொத்து தெரிந்த அளவுக்கு, எதிரே நின்ற பொக்கிஷம் தெரியவில்லை.

அப்படியானால், குடும்பத்தையும் வேலையையும் விட்டுவிட்டுத்தான் கடவுளிடம் வர வேண்டுமா? வரி வசூலித்த சகேயு, சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகச் சொன்னான். வீட்டைத் துறந்து வரும்படி இயேசு அவனைக் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் துறந்து மடத்தில் சேர்ந்த ஒருவருக்கும் கிடைத்தது ஓர் அடுப்படிதான். அவர் சகோதரர் லாரன்ஸ். இன்றைய பிரான்சின் லொரேன் பகுதியில் பிறந்தவர். பதினெட்டு வயதில், குளிர்காலத்தில் மொட்டையாக நின்ற ஒரு மரத்தைப் பார்த்தார். இது மீண்டும் துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்று நினைத்தபோது கடவுளின் வல்லமை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அதுவே அவர் கண்ட புதையல்.

போர்வீரராக இருந்து காயமடைந்த அவர், 1640-இல் பாரிஸ் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். இயல்பாகவே பிடிக்காத சமையல் வேலையைப் பல ஆண்டுகள் செய்தார். பிறகு செருப்பு தைத்தார். முதல் பத்து ஆண்டுகள் மனப்போராட்டத்தில் கழிந்தன. ஆனாலும் ஜெபத்தில் இருப்பதைப் போலவே அடுப்படியிலும் கடவுளோடு பேசப் பழகினார். 1691-இல் அவர் இறந்த பிறகு நூலாக வந்த அவருடைய கடிதங்களை உலகம் இன்றும் படிக்கிறது.

முழு இருதயத்தோடு கடவுளை நேசிப்பதற்குத் தனி இடம் தேவையில்லை. பாத்திரம் கழுவும் இடத்திலும் பேருந்துப் பயணத்திலும் அதைத் தொடங்கலாம். ஆனால் அதற்குமுன் ஒரு கேள்விக்குப் பதில் காண வேண்டும். எதை இழந்தால் வாழவே முடியாது என்று மனம் அஞ்சுகிறது? அந்த இடத்தில் கடவுள் இருக்கிறாரா, வேறு எதுவும் இருக்கிறதா?