படச்சுருளும் பெயர்ச்சீட்டும்

1969ஆம் ஆண்டு யூலை மாதம் 21ஆம் நாள் காலை, இலங்கை நேரப்படி எட்டரை மணியாவதற்கு நான்கு நிமிடம் இருக்கையில், நீல் ஆம்ஸ்ட்ரோங் சந்திரனின் தூசியில் இடது காலை ஊன்றினார். அக்காலத்தில் இத்தீவில் தொலைக்காட்சி இல்லை. அது 1979இலேதான் வந்தது. ஆகையால் இங்குள்ளோர் அச்செய்தியை வானொலியிற் கேட்டனர். பின்னர் நாளிதழிற் படித்தனர். தொலைக்காட்சி உள்ள நாடுகளில் ஏறத்தாழ 60 கோடி மக்கள் அக்காட்சியைக் கண்டனர் என மதிப்பிடப்பட்டது. அவர்கள் கண்டதெல்லாம், சாம்பல் நிறமான, ஆவி போன்ற ஓர் உருவம் ஏணியில் இறங்குவதைத்தான். அத்துணைத் தொலைவிலிருந்து வரும் படம் மங்கலாகத்தானே இருக்கும் என்று உலகம் அமைதி கொண்டது. ஆயின், சந்திரனிலிருந்து பூமிக்கு வந்து சேர்ந்த படம் அதனினும் தெளிவானது. அது நாடாவிற் பதியப்பட்டது, பெட்டியில் இடப்பட்டது, களஞ்சியத்துக்கு அனுப்பப்பட்டது, பின்னர் இல்லாமற் போயிற்று. எவரும் திருடவில்லை. தீயும் விழுங்கவில்லை.

இது நிகழ்ந்த விதத்தைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். சந்திரனில் நின்ற கமராவுக்கு மின்வலுவும் அலைவரிசையும் மிகக் குறைவாகவே ஒதுக்கப்பட்டிருந்தன. எனவே அது விநாடிக்கு 10 படங்களை, ஒவ்வொன்றையும் 320 கோடுகளாக அனுப்பியது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் பெட்டிகளோ விநாடிக்கு 30 படங்களை, 525 கோடுகளில் எதிர்பார்ப்பவை. இரண்டும் ஒன்றோடொன்று ஒவ்வா. இதற்குப் பொறியியலாளர் கண்ட வழி இன்று கேட்போருக்கு வியப்பளிக்கும். சந்திரனிலிருந்து வந்த படத்தைச் சிறப்பான திரையொன்றிற் காட்டி, அதன் எதிரே சாதாரணத் தொலைக்காட்சிக் கமரா ஒன்றை நிறுத்தி, அத்திரையையே படம்பிடித்தனர். உலகுக்குப் போனது படத்தின் படம். அதே வேளையில், அவுஸ்திரேலியாவிலுள்ள பார்க்ஸ், ஹனிசக்கிள் கிறீக் ஆகிய நிலையங்களிலும், கலிபோர்னியாவிலுள்ள கோல்ட்ஸ்டோன் நிலையத்திலும் வந்திறங்கிய அலைகள், இம்மாற்றத்துக்கு உட்படுமுன்னரே, ஓரங்குல அகலமும் 14 தடங்களும் கொண்ட காந்த நாடாக்களிற் பதிவாயின. ஒளிபரப்பு இடையிற் கெட்டால் உதவும் என்று எடுத்த காப்புப் பதிவு அது. ஒளிபரப்புக் கெடவில்லை. ஆதலால் அந்நாடாக்களைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் கழிந்தபின், அந்த ஒளிபரப்பிற் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியியலாளர் சிலர் தம் பழைய படங்களை ஒப்பிட்டுப் பார்த்தனர். ஹனிசக்கிள் கிறீக்கில் பணிபுரிந்த ஒருவர் தம் சொந்த 8 மில்லிமீற்றர் கமராவால் நிலையத்துத் திரையைப் படம்பிடித்து வைத்திருந்தார். அச்சிறு படத்தைப் பார்த்தபோதுதான் உலகம் கண்டதற்கும் நிலையத்தார் கண்டதற்கும் இடையேயிருந்த வேற்றுமை புலனாயிற்று. தேடல் தொடங்கியது. நாடாக்கள் மேரிலாந்திலுள்ள கொடார்ட் விண்வெளி நிலையத்துக்குச் சென்றமைக்குச் சான்றிருந்தது. அதன் பின் அவற்றின் சுவடு மறைந்தது. 2009இல் நாசா தன் முடிவை வெளியிட்டது. 1970களிலும் அதனையடுத்த சில ஆண்டுகளிலும் நாடாவுக்குக் கடுந்தட்டுப்பாடு ஏற்பட்டதென்றும், செய்மதிகள் அனுப்பிய தரவுகளைப் பதிவதற்காகப் பழைய நாடாக்கள் பெருந்தொகையாக அழிக்கப்பட்டு மீளப் பயன்படுத்தப்பட்டன என்றும், சந்திர நடையின் நாடாக்களும் அவற்றோடு அழிந்திருக்கக் கூடும் என்றும் அம்முடிவு கூறிற்று.

யாரைக் குறை கூறுவது? ஆயிரக்கணக்கான அளவீட்டு நாடாக்களோடு ஒன்றாய் அடுக்கப்பட்டிருந்த பெட்டிகள் அவை. அழித்தவர் தமக்கிட்ட பணியைச் செவ்வனே செய்தவரே. நாடாவோ விலையுயர்ந்த பொருள். அக்காலத்து ஒலிபரப்பு, ஒளிபரப்பு நிலையங்களில் அழித்துப் பதிவது சிக்கனம் எனப் பாராட்டப்பட்ட வழக்கம். பி.பி.சி. நிலையமே தன் கலையகத்திலிருந்து வழங்கிய சந்திரப் பயண நிகழ்ச்சிகளிற் பெரும்பகுதியைக் காக்கத் தவறிவிட்டது. எனினும், உள்ளே இருப்பது இன்னதென அறிந்து அழிப்பது வேறு, அறியாது அழிப்பது வேறு. முன்னதைத் தீர்மானம் எனலாம். பின்னதற்கு அப்பெயர் பொருந்தாது.

பெயர்ச்சீட்டு ஒன்று என்ன செய்ய வல்லது என்பதற்கு இதே பயணத்திலிருந்து மற்றொரு செய்தி உண்டு. 1976இல் ஹூஸ்டன் நகரில் அரசின் பழம்பொருள் ஏலமொன்றில், நாசாவிற் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட நாடாச் சுருள்களை 217 டொலர் 77 சதத்துக்கு வாங்கினார். தொலைக்காட்சி நிலையங்களுக்கு, அழித்துப் பயன்படுத்தும் நாடாக்களாக விற்று இலாபம் பெறுவது அவர் எண்ணம். அவருடைய தந்தையார் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு வருகையில், மூன்றின் மேல் அப்பல்லோ 11 என்ற பெயரும், 1969 யூலை 20 என்ற திகதியும், சுருளின் எண்ணும் எழுதப்பட்டிருக்கக் கண்டார். அம்மூன்று மாத்திரம் விலக்கி வைக்கப்பட்டன. 2019இல் அவை 18 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போயின. அவற்றிலிருப்பது உலகம் கண்ட மங்கலான படமே. தொலைந்த தெளிவான படம் அன்று. தன்னிடம் இல்லாத எதுவும் அவற்றில் இல்லை என நாசாவும் கூறியது. எனினும் அம்மூன்று சுருள்களும் பிழைத்தமைக்கு, எவரோ ஓர் எழுதுவினைஞர் சோம்பாமல் எழுதிய ஒரு வரியே காரணம். அவர் பெயர் எந்த ஏலப் பட்டியலிலும் இல்லை.

இழந்தது ஒருபுறமிருக்க, இருந்தும் அறியப்படாதிருந்தது வேறு. 2017இல் டொட் டக்ளஸ் மில்லர் என்னும் அமெரிக்க இயக்குநர், அப்பல்லோ 11 பயணத்தைப் பற்றி, பழம்பதிவுகளை மாத்திரம் கொண்டு ஒரு படம் தொகுக்க முற்பட்டார். மேரிலாந்திலுள்ள தேசிய சுவடிக்கூடத்தாரிடம் அவர் கேட்டது, இருப்பவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதே. அவ்வேண்டுகோளுக்காகக் களஞ்சியத்தைத் துருவியபோது, 65 மில்லிமீற்றர் அகலமான பெருஞ்சுருள்கள் ஏறத்தாழ 165 வெளிப்பட்டன. அவற்றுள் 61 அப்பல்லோ 11க்கு உரியவை. விண்கலத்தைச் சுமந்து ஏவுதளம் நோக்கி ஊர்ந்த பெரு வாகனமும், புளோரிடாக் கடற்கரையிற் கூடிய மக்களும், ஏவுகணை எழுந்த கணமும் நேற்று எடுத்தாற்போல் நிறங்குன்றாமல் இருந்தன. குளிரூட்டப்பட்ட அறையில் அரை நூற்றாண்டு உறங்கிய சுருள்கள் அவை. அவற்றைக் காத்தவர் நன்கு காத்தனர். ஆனால் உள்ளே இருப்பது என்ன என்று விரித்துரைக்கும் பட்டியல் இருக்கவில்லை. காத்தலும் கண்டெடுத்தலும் இருவேறு தொழில்கள் என்பதனை நூலகப் பணியாளர் எவரும் ஒப்புக்கொள்வர். சுருள்கள் வெப்பம் கட்டுப்படுத்திய வண்டிகளில் நியூயோர்க் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவற்றுக்கெனவே அமைத்த கருவியாற் கணினிப் பிரதிகளாக்கப்பட்டன.

படம் கிடைத்தது, குரல்? ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில் ஒவ்வொரு மேசையிலும் இருந்தோர் பேசியவை 30 தடங்கள் கொண்ட நாடாக்களில் தனித்தனியே பதிவாகியிருந்தன. அவற்றை ஒலிக்கச் செய்யும் பழைய கருவியோ ஒரு வேளைக்கு ஒரு தடத்தையே வாசிக்கும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டலஸ் வளாகத்தார் கணக்கிட்டபோது, அவ்வாறே வாசித்தால் 170 ஆண்டுகள் செல்லும் எனக் கண்டனர். ஆகவே 30 தடங்களையும் ஒருசேர வாசிக்கும் புதிய தலையைச் செய்து, சில மாதங்களில் அவ்வேலையை முடித்தனர். கிடைத்தது ஏறத்தாழ 19,000 மணி நேர ஒலி. அதில் பெரும்பகுதி அமைதியும் இரைச்சலும் என்பதைக் கேட்டவர் மட்டுமே அறிவர்.

இனி வந்தது தொகுப்பாளரின் உண்மையான சோதனை. கட்டுப்பாட்டு அறையில் எடுக்கப்பட்ட 16 மில்லிமீற்றர்ப் படங்களுக்கு ஒலி இல்லை. ஒருவர் வாயசைக்கிறார், என்ன சொன்னார், எந்நாளிற் சொன்னார் என்பது தெரியாது. சாதாரணமாகத் திரைப்படம் எடுப்போர் காட்சியின் தொடக்கத்திற் கிளாப் பலகையை அடிப்பது இதற்காகவே. பலகையின் இரு கட்டைகள் பொருந்தும் படத்தையும், அவை எழுப்பும் ஒலியையும் ஒருங்கே வைத்தால் காட்சி முழுவதும் ஒலியோடு இயைந்துவிடும். பலகையில் எழுதிய எண் காட்சிக்குப் பெயராகும். படச்சுருளின் ஓரத்தில் அடிக்கு ஒன்றாக அச்சிட்ட எண்களை உதவியாளர் கொப்பியில் எழுதிவைப்பர். வெட்டிய துண்டு எதுவாயினும் அதன் இடத்தை அவ்வெண் சொல்லும். சந்திரப் பயணத்தில் பலகை அடிக்க எவருக்கு நேரம்? எனவே இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீவன் ஸ்லேட்டர் என்பவர், பேசுவோரின் உதட்டசைவையும், எழுத்துப் பதிவுகளையும், ஒலி நாடாவையும் பல ஆண்டுகளாக ஒப்புநோக்கி, ஊமைப் படங்களுக்கு உரிய குரலைத் தேடிப் பொருத்தினார். சுவரிலிருந்த மணிக்கூடு ஒன்று படத்தின் மூலையில் அகப்பட்டாலும் அது பெரும் புதையல்.

மில்லரின் குழுவினர் வெட்டத் தொடங்குமுன் செய்தது, எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியமை. யூலை 16 முதல் 24 வரையான ஒன்பது நாள்களையும் ஒரே காலக்கோடாக நீட்டி, கிடைத்த படத்தையும் குரலையும் அவை நிகழ்ந்த நேரத்தில் நிறுத்தினர். அதன் பின்னரே 93 நிமிடப் படமாகச் சுருக்கினர். அப்படம் 2019இல் வெளிவந்தது. விளக்கக் குரல் ஒன்றும் அதில் இல்லை, வேண்டியிருக்கவுமில்லை.

நாசாவின் களஞ்சியத்துக்கும் இங்குள்ள பாடசாலைக்கும் என்ன தொடர்பு என நேயர் ஒருவர் வினவக் கூடும். இன்று இல்ல விளையாட்டுப் போட்டியையோ, பரிசளிப்பு விழாவையோ, கோயிற் தேரோட்டத்தையோ பத்துக் கைத்தொலைபேசிகள் படம்பிடிக்கின்றன. மாலையில் அவை வாட்ஸ்அப் வழியே ஒருவரிடம் சேர்கின்றன. அவ்வாறு அனுப்புகையில் படம் சுருக்கப்பட்டு மங்குகிறது; அதன் பழைய பெயரும் மாறிவிடுகிறது. பழைய மாணவர் சங்கம் ஐந்தாண்டு கழித்து விழாப் படம் தொகுக்க விரும்பினால், அதன் கையிற் கிடைப்பது மீண்டும் படத்தின் படமே. இடாப்பு இல்லாத வகுப்பறைக்குள் நுழைந்த புதிய ஆசிரியரின் நிலைதான் அப்போது தொகுப்பாளருக்கும்.

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. படம்பிடிப்போர் யாவரும் காலையிலேயே தம் கருவிகளின் மணிக்கூட்டை ஒரே நேரத்துக்கு ஒழுங்குசெய்துகொள்ளலாம். கமராக்கள் யாவும் ஓடும்போது ஒருவர் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டினால், அதுவே கிளாப் பலகை. கமராவின் நினைவு அட்டையிலுள்ளதை அப்படியே வன்தட்டுக்கு மாற்றி, ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையிற் பெயரிட்டால் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கிவிடும். நிகழ்ச்சி, இடம், எடுத்தவர் ஆகியவற்றைக் குறித்த சிறு பட்டியல் கூடவே இருக்கட்டும். பிரதி மூன்று வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறு கட்டடத்தில் இருத்தல் வேண்டும். அதே அலுமாரியில் வைத்த இரண்டாம் பிரதி வெள்ளத்திலும் முதற் பிரதியோடு கூடவே போகும். பிரதிகளைத் திறந்து பார்த்த பின்னரே அட்டையை அழிக்கலாம். தொலைவிலுள்ள தொகுப்பாளருக்குப் பெரிய கோப்புகளை அனுப்ப இயலாவிடின், சிறிய பிரதிகளை அனுப்பி வெட்டுவிக்கலாம். ஆனால் சிறியதன் பெயரும் மூலத்தின் பெயரும் ஓரெழுத்தும் பிசகாது ஒன்றாயிருத்தல் வேண்டும். அன்றேல் இறுதியில் மூலத்தை அதனிடத்திற் பொருத்துவது பெருந்தொல்லை.

சந்திரப் பயணத்தின் பதிவுகள் இப்போது எவரும் பார்க்கத்தக்கனவாக உள்ளன. கனடாவைச் சேர்ந்த பென் ஃபைஸ்ட் என்பவர், ஒன்பது நாள் படங்களையும், கட்டுப்பாட்டு அறையின் குரல்களையும் அவற்றுக்குரிய விநாடியோடு இணைத்து, 2019இல் இணையத்தளம் ஒன்றாக வெளியிட்டார். கட்டணமில்லை. பயணத்தின் எந்த நேரத்தையும் சுட்டலாம். எந்த மேசையிலிருந்தோர் பேசுவதையும் தெரிந்து கேட்கலாம். ஆம்ஸ்ட்ரோங் ஏணியின் கடைசிப் படியில் நிற்கும் விநாடிக்குச் சென்றால், ஹூஸ்டனில் ஒவ்வொருவரும் என்ன பேசினர் என்பது தெளிவாகக் கேட்கிறது. படம் மாத்திரம் அதே சாம்பல் நிறமான, ஆவி போன்ற படம்.