பெரியவர்களிடம் "முடியாது" என்று சொல்வது எப்படி?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் குடும்ப ஆலோசனைக் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் கேள்விப் பெட்டி வைத்தோம். பெயர் போடாமல் எழுதிப் போடுங்கள் என்று சொன்னோம். கடன், மானியம் பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைத்துப் பிரித்தால், பாதிச் சீட்டுக்கு மேல் வீட்டுப் பெரியவர்களைப் பற்றி. "என் பாஸ்புக் மாமியார் பெட்டிக்குள்ள இருக்கு, கேட்டா சண்டை" என்று ஒரு சீட்டு. "ரெண்டும் பொட்டப் பிள்ளைன்னு மாமனார் ஊர்ச் சனம் முன்னாடி குத்திக் காட்டுறார்" என்று ஒன்று. "பெத்த அம்மாவே என் நகையைக் கொடு, அண்ணன் கடை வைக்கணும்னு தினம் போன் போட்டு உயிரை எடுக்குது" என்று இன்னொன்று. ஒரு சீட்டில் ஒரே ஒரு வரிதான். "பெரியவங்கள எதுத்துப் பேசினா பாவமா?"

அந்த ஒரு வரிக்குத்தான் இன்றைக்குப் பதில் சொல்லப் போகிறேன்.

வயல் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். பக்கத்து வயல்காரர் ஒவ்வொரு உழவுக்கும் வரப்பில் ஒரு மண்வெட்டி அகலம் வெட்டிக்கொண்டே வருவார். முதல் வருசம் கண்ணுக்குத் தெரியாது. அஞ்சாம் வருசம் பார்த்தால் ஒரு பாத்தி போயிருக்கும். முதல் வெட்டு விழும்போதே, "அண்ணே, வரப்பு இங்க இருக்கு" என்று சொல்லிக் காட்டினால் அங்கே சண்டைக்கே இடமில்லை. அஞ்சு வருசம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் கத்தும்போதுதான் கேசு, பஞ்சாயத்து எல்லாம். வீட்டிலும் அப்படித்தான். பத்து வருசம் "சரிங்கத்தை, சரிங்கத்தை" என்று இருந்துவிட்டு, ஒருநாள் பாத்திரத்தைத் தூக்கி எறிகிறோம். ஊர் அந்த ஒருநாளை மட்டும்தான் பேசும். ஆக, பாவம் என்று பார்த்தால், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மனசுக்குள் போட்டு அழுத்துவதைத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். வீட்டில் கஷ்டம் கொடுக்கிற பெரியவர் எல்லாரும் வேண்டுமென்றே கொடுக்கிறார்களா? எழுபது, எழுபத்தஞ்சு வயசு ஆனவர், இதற்கு முன்னால் அப்படி இல்லாதவர், திடீரென்று "என் காசைத் திருடிட்டா" என்கிறார். சாப்பிட்டு அரைமணி நேரம் ஆகாது, திண்ணையில் உட்கார்ந்து "மருமக சோறே போடல" என்று போகிற வருகிறவர்களிடம் சொல்கிறார். வழி தெரியாமல் வேறு தெருவில் நிற்கிறார். இது மறதி நோயாக இருக்கலாம் சகோதரிகளே. காசைத் திருடிவிட்டார்கள் என்று வீட்டு ஆட்களையே சந்தேகப்படுவது அந்த நோயில் அடிக்கடி வருகிறது. அவரிடம் வரப்பு, வாய்க்கால் எல்லாம் பேசிப் பயனில்லை. அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். அக்கம்பக்கத்திலும் "இப்படி ஒரு நோய் இருக்குங்க" என்று சொல்லி வையுங்கள், உங்கள் பேரும் கெடாது. அதேபோல காது கேட்காதவர் கத்தித்தான் பேசுவார். அதைத் திட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் பேசப்போவது, நல்ல நினைவோடு, நல்ல தெம்போடு, தெரிந்தே செய்கிறவர்களைப் பற்றி.

இவர்களிடம் நாம் எல்லாரும் செய்வது, "நீங்க இப்படிப் பேசாதீங்க" என்று கெஞ்சுவது. அறுபது வருசப் பழக்கம் நம் கெஞ்சலுக்கு மாறாது. அவர் வாய் அவரிடம் இருக்கிறது. நம் கையில் இருப்பது, அவர் அப்படிப் பேசினால் நாம் என்ன செய்வோம் என்பது. அதை முன்கூட்டியே முடிவு செய்து, ஒரு தடவை சொல்லி, ஒவ்வொரு தடவையும் அதையே செய்ய வேண்டும். ஒருநாள் செய்து மறுநாள் விட்டுவிட்டால், இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டால் இவள் இறங்கி வந்துவிடுவாள் என்று நாமே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

பணத்தில் வைத்துச் சொன்னால் நன்றாக விளங்கும். நம் குழுக்களில் நடக்கிறதுதான். ஒரு உறுப்பினர் கறவை மாடு வாங்க 30,000 ரூபாய் உள்கடன் கேட்கிறார். மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, பத்து மாதத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் 3,300 கட்ட வேண்டும். அப்புறம் மாதம் 30 ரூபாய் குறைந்துகொண்டே வரும். மொத்த வட்டி 1,650 ரூபாய். மாடு வந்தால் பால் காசில் கட்டிவிடலாம். ஆனால் பணம் வீட்டுக்கு வந்த அன்றைக்கே, "மகளோட பிள்ளைக்குக் காதுகுத்து வச்சிருக்கு, தாய்மாமன் சீர் செய்யாமப் போனா ஊர் சிரிக்கும். இதைக் கொடு, அடுத்த மாசம் தர்றேன்" என்று மாமியார் வாங்கிவிடுகிறார். அடுத்த மாசம் வரும், பணம் வராது. பால் இல்லை, தவணை மட்டும் இருக்கிறது. மூணு மாசம் கட்டவில்லை என்றால் குழுவில் கெட்ட பேர். குழுக் கணக்கு சரியில்லை என்றால் வங்கிக் கடன் எல்லாருக்கும் தள்ளிப் போகும். ஒரு வீட்டுக் காதுகுத்துக்கு இருபது குடும்பம் பதில் சொல்ல வேண்டி வரும்.

அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? "முடியாது" என்று மொட்டையாகச் சொன்னால் வீடு ரெண்டாகும். இப்படிச் சொல்லிப் பாருங்கள். "அத்தை, இது மாட்டுக்குன்னு எழுதி வாங்கின கடன். மாட்டைக் கொண்டுவந்து காட்டணும்னு குழுவுல தீர்மானம் போட்டிருக்காங்க. இதுல நானும் கை வைக்க முடியாது. சீருக்கு நானும் உங்க மகனும் சேர்ந்து 5,000 தர்றோம், அதுக்கு மேல எங்களால ஆகாது." கவனித்தீர்களா? இல்லை என்பதும் இருக்கிறது, எவ்வளவு முடியும் என்பதும் இருக்கிறது. மறுபடி கேட்டால் புதுக் காரணம் தேடாதீர்கள். காரணத்தை மாற்றி மாற்றிச் சொன்னால் ஒவ்வொன்றையும் உடைக்க அவருக்குத் தெரியும். அதே வாக்கியம், அதே குரல். பத்துத் தடவை கேட்டால் பத்துத் தடவையும் அதேதான்.

அதனால் ஊக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தத் தீர்மானத்தை நிஜமாகவே தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். எந்தக் காரியத்துக்குக் கடனோ அதற்குத்தான் செலவு செய்ய வேண்டும். பணத்தை உறுப்பினர் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும். பாஸ்புக் உறுப்பினரிடம்தான் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை கூட்டத்தில் எல்லாப் பாஸ்புக்கையும் சரிபார்க்க வேண்டும். கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் எந்த மாமியாரும் பெட்டியைத் திறந்துதானே ஆக வேண்டும்! தனியாக ஒரு மருமகள் சொல்ல முடியாததைக் குழு அவளுக்காகச் சொல்ல முடியும்.

பிறந்த வீட்டுக்கும் இதே கணக்குதான். அங்கே சொல்வது இன்னும் கஷ்டம், ஏனென்றால் அங்கே நமக்குப் பயத்தை விடப் பாசம் அதிகம். நகையைக் கேட்கும் அம்மாவிடம், "அம்மா, நகை விஷயம் பேச வேண்டாம், வேற பேசுவோம்" என்று ஒரு தடவை சொல்லுங்கள். மறுபடி அதே பேச்சு வந்தால், "அப்புறம் கூப்பிடுறேன்மா" என்று போனை வைத்துவிடுங்கள். கோபமாக வைக்க வேண்டாம். மறுநாள் நீங்களே கூப்பிட்டு, "சாப்பிட்டியாம்மா, முட்டிவலி எப்படி இருக்கு" என்று கேளுங்கள். நகைப் பேச்சுக்குத்தான் கதவு மூடியிருக்கிறது, அம்மாவுக்கு மூடவில்லை என்று அவருக்கே போகப் போகப் புரியும்.

அடுத்தது வாய்ப் பேச்சு. பெண் பிள்ளை பெற்றாள் என்று குத்துவது. பிறப்பது ஆணா பெண்ணா என்பது தகப்பனிடமிருந்து வரும் அணுவைப் பொறுத்தது. இதை மாமனாரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், அவர் மகன் சொல்லட்டும். அவரவர் பெற்றோரிடம் அவரவர் பேசுவதுதான் நல்லது. மருமகள் சொன்னால் வாயாடித்தனம், மகன் சொன்னால் யோசனை, நம் ஊர் வழக்கம் அப்படி. புருசன் வாயே திறக்க மாட்டார் என்றால், "மாமா, என் பிள்ளைங்க முன்னாடி இந்தப் பேச்சு வந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன்" என்று அமைதியாக இருக்கும் நேரத்தில் சொல்லிவிட்டு, பேச்சு வரும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எழுந்து போய்விடுங்கள். பதில் பேச வேண்டாம். போகும்போது கதவை அறைந்து சாத்தவும் வேண்டாம்.

இந்த மண்டபத்தில் மாமியார்களும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். முன் வரிசையில் சிலர் முகம் மாறுவது எனக்குத் தெரிகிறது. உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். 1989-ல் தர்மபுரியில் இந்தக் குழு வேலை தொடங்கி, மற்ற மாவட்டங்களுக்கு வந்த காலத்தில் சேர்ந்தவர்கள் நீங்கள். "குழுவுக்குப் போனா காலை ஒடிப்பேன்" என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள். மாமியாருக்குத் தெரியாமல் அரிசிப் பானையில் காசு ஒளித்துச் சந்தா கட்டியவர்கள். அப்படிப்பட்ட கையிலேயே இன்றைக்கு மருமகளின் பாஸ்புக் இருக்கலாமா?

மருமகள்களுக்கும் ஒன்று. சோற்றை நிறுத்துவது, மாத்திரை வாங்கித் தராமல் இருப்பது, பேரப்பிள்ளையைக் கண்ணில் காட்டாமல் வைப்பது, இதெல்லாம் பழிவாங்குவது. இதற்கு வரப்பு என்று பேர் வைக்காதீர்கள். வயதான பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று 2007-லேயே சட்டம் வந்திருக்கிறது. கவனிக்காவிட்டால் அவர்கள் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். முதியோருக்கான உதவி எண் 14567.

உங்களுக்கும் சட்டம் இருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டம் 2005-ல் வந்து, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் அடி உதை மட்டும் இல்லை. பிள்ளை இல்லை, ஆண் பிள்ளை இல்லை என்று இழிவாகப் பேசுவதும், உங்கள் பணத்தையும் நகையையும் பறித்துக்கொள்வதும்கூட வன்முறைதான். "என் வீட்டை விட்டு வெளியே போ" என்று யாரும் உங்களைச் சட்டப்படி அல்லாமல் துரத்த முடியாது. வீடு மாமனார், மாமியார் பேரில் இருந்தாலும், நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் உரிமை கேட்கலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே சட்டத்தில், வீட்டில் இருக்கும் பெண்ணை, அதாவது மாமியாரை, வெளியேற்றச் சொல்லி உத்தரவு வாங்கவும் முடியாது. ரெண்டு பேரும் ஒரே கூரைக்கு அடியில்தான் இருந்தாக வேண்டும். பேசித் தீர்க்கிற வழியை இவ்வளவு நேரம் சொன்னது அதற்காகத்தான்.

ஆனால் கை ஓங்கிவிட்டால் இந்தப் பொறுமைக் கதை எல்லாம் கிடையாது. சித்தப்பாவோ, தாத்தா முறையோ, யாராக இருந்தாலும், உங்கள் பெண்பிள்ளையிடமோ பையனிடமோ தப்பாக நடந்தால் அங்கே அனுசரித்துப் போவதும் கிடையாது. "குடும்ப மானம்" என்று வாயை அடைப்பார்கள். அடைக்க விடாதீர்கள். பிள்ளைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். வக்கீலுக்குக் காசு இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்கள் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம். அந்த எண் 15100. நாலு எண்ணையும் சந்தா அட்டையின் பின்பக்கம் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள், போனில் வைத்தால் போன் வேறு யார் கையிலாவது இருக்கும்.

சாப்பாடு தயாராகிவிட்டது என்று செயலாளர் கை காட்டுகிறார். இங்கே எல்லார் முன்னாலும் கேட்க முடியாதது இருந்தால், சாப்பிட்டுவிட்டுப் பின்பக்க அறைக்கு வாருங்கள். நான் மூணரை மணி பஸ்ஸுக்குத்தான் கிளம்புகிறேன். மாமியாரும் மருமகளும் ஒரே வண்டியில் வந்திருந்தால், தனித்தனியாக வாருங்கள்.